இப்போதைக்கு இடமில்லை

திருநகர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மரக்கடை. கடை திறக்கும்வரை அதன் வாசல் கூலி ஆட்களுடையது. கல்லுப்பட்டி ரோட்டுக் கிராமங்களிலிருந்து வருகிற முதல் பேருந்துகள் கொத்தனார்களையும் சித்தாள்களையும் அங்கே இறக்கிவிட்டுப் போகும். கையில் தூக்குச்சட்டி, தோளில் சும்மாட்டுத் துணி. மேஸ்திரிகள் மொபெட்டில் வந்து, வண்டியை அணைக்காமலே, "நாலு பெரியாளு, ஆறு சித்தாளு" என்று விரலை நீட்டி ஆள் பிரிப்பார்கள். பிரித்து முடிந்ததும், "இப்போதைக்கு ஆளு போதும்ப்பா" என்பார்கள்.

அந்தப் பேச்சு விழுந்த பிறகு மேஸ்திரி முன்னால் நிற்கக் கூடாது. போதும் என்ற பிறகும் நிற்கிறவனிடம் மேஸ்திரி கூலியைக் குறைத்துக் கேட்பான். அவன் தலையாட்டிவிட்டால் மறுநாள் எல்லோருக்கும் கூலி இறங்கும். அதனால் நிற்கிறவனை மற்றவர்கள் லேசில் விடுவதில்லை. "என்ன மாப்ள, திருவோட்ட வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?" என்று சோணை மாதிரி வாயாடிகள் ஒரு வாரத்துக்கு ஓட்டி எடுப்பார்கள்.

வாகைப்பட்டி சின்னக்கருப்பனை யாரும் அப்படி ஓட்டியது கிடையாது. மேஸ்திரி வாய் திறக்கும்போதே துண்டை உதறித் தோளில் போட்டு நடந்துவிடுவார். அவருடைய அய்யா பண்ணையில் கிடந்தவர். களத்தில் நெல் அளந்து முடிகிறவரைக்கும் ஓரத்தில் கைகட்டி நின்றவர். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, சின்னக்கருப்பனுக்கு ஒருத்தர் முன்னால் போய் நிற்பது என்றாலே ஆகாது.

"ரோசம் சோறு போடுமா? செத்த நேரம் நின்னாத்தான் என்ன, காலு தேஞ்சா போயிரும்?" என்று அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டு திட்டுவாள் தங்கப்பொண்ணு. அவளும் சித்தாள்தான். புருசன் நகர்ந்தால் அவளும் நகர வேண்டியதுதான்.

அந்த வருடம், ஆனி மாதம் முழுக்க, இருவருக்கும் நினைப்பெல்லாம் மகள் பாண்டிமீனா மேல் இருந்தது. திருமங்கலத்தில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டு இருந்தாள். டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்வதற்கு ஊரில் ஆள் இல்லை. வேலை செய்கிற வீட்டில் ஆள் இருந்தது.

திருநகரில் ஹரிராம் வீட்டுக்கு, விட்டு விட்டு ஒரு வருடமாக, மேல்மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சௌராஷ்டிரக் குடும்பம். அவருக்கு விளக்குத்தூண் பக்கம் ஜரிகைக் கடை, மனைவி வசுந்தரா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர்கள் மகள் ஸ்ரீவர்ஷினியும் அந்த வருடம்தான் பன்னிரண்டு முடித்து இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தாள். ஸ்ரீவர்ஷினி படித்து முடித்த டியூஷன் நோட்டுகள் ஒரு வருடமாகத் தங்கப்பொண்ணின் தூக்குச்சட்டிப் பையில் வாகைப்பட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

மதிப்பெண் வந்த அன்று வசுந்தரா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். பக்கத்தில் பாண்டிமீனா. சாரத்து ஏணியில் பாதி ஏறிய நிலையில் சின்னக்கருப்பன்.

"போன வருசம் எஸ்.சி. பிரிவுல கடைசி சீட்டு எந்த மார்க்ல முடிஞ்சுதோ, அதுக்கு அரை மார்க் கீழ இருக்கா மீனா."

"அப்பக் கெடைக்காதா டீச்சர்?" என்றாள் பாண்டிமீனா.

"அப்படியும் சொல்ல முடியாது. இந்த வருசம் பிசிக்ஸ் பேப்பர் கஷ்டம். கட் ஆஃப் இறங்கலாம். இறங்காமலும் போகலாம். வெயிட்டிங் லிஸ்ட்ல கண்டிப்பாக் கூப்பிடுவாங்க."

"நீங்க கெடைக்கும்னு சொல்றீகளா, கெடைக்காதுன்னு சொல்றீகளா?" என்றார் சின்னக்கருப்பன். "ரேடியோவுல மழை சொல்றாப்பல சொல்றீகளே."

வசுந்தராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாராலயும் சொல்ல முடியாதுப்பா. பெரிய காலேஜ் எல்லாம் அப்படித்தான். எங்க பொண்ணுக்கே கிண்டி கிடைக்குமா, கோயம்புத்தூரான்னு எங்களுக்குத் தெரியல."

"உங்களுக்கே தெரியலையின்னா சரிதான்" என்று மேலே ஏறினார். சாந்துச்சட்டி அவருக்காகக் காத்திருந்தது.

கவுன்சிலிங் அட்டை வந்தது. ஹரிராம் வீட்டில் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். எந்தச் சான்றிதழுக்கு எத்தனை ஜெராக்ஸ், கோயம்பேட்டில் இறங்கி எந்தப் பேருந்து, பணத்தை எந்தப் பையில் வைப்பது, முன்னால் கூப்பிட்டால் எப்படிப் போய் உட்கார்வது. வசுந்தரா எல்லாத் தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டிக் கொடுத்தாள். போன் நம்பரையும் எழுதி உள்ளே செருகினாள். பாண்டிமீனா தன் தோழிகளுக்குக் கொடுக்கிற நம்பரும் அதுதான்.

அப்பனும் மகளும் மட்டும் போனார்கள். மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்துக் கட்டுப்படி ஆகாது.

சென்னையில் பெரிய கூடம். மின்விசிறிகள் உயரத்தில் சுற்றின, காற்று கீழே வந்து சேரவில்லை. மேடையில் அதிகாரிகள். பக்கத்தில் ஒரு பலகை. ஒவ்வொருத்தராக மேலே போய் வர வர, பலகையில் மதுரை, செங்கல்பட்டு, தஞ்சாவூர் என்று கல்லூரிகளுக்கு நேரே இருந்த எண்களை ஒருவர் அழித்து அழித்துக் குறைத்து எழுதினார். சின்னக்கருப்பன் வேட்டிக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எல்லா எண்ணும் அவருக்குப் படிக்கத் தெரியும்.

பக்கத்தில் தேனிப் பக்கத்து அன்னக்கொடியும் அவள் மகள் செல்லக்கிளியும் இருந்தார்கள். காத்திருப்போர் வரிசையில் முதல் இடம் பாண்டிமீனாவுக்கு, அதற்கு அடுத்தது செல்லக்கிளிக்கு. பிள்ளைகள் இரண்டும் வந்த கொஞ்ச நேரத்திலேயே ஒட்டிக்கொண்டன.

"உங்க மக முந்தி, எம் மக பிந்தி. உங்க மகளுக்குக் கெடைச்சாத்தான் எங்களுக்கு அடுத்தது" என்றாள் அன்னக்கொடி. "அதனால உங்களுக்காகவும் சேத்து நாந்தேன் சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"கும்பிடுங்க, கும்பிடுங்க" என்றார் சின்னக்கருப்பன். "எங்க சாமி வாகைப்பட்டியிலயே தங்கிருச்சு. பஸ்ஸுக்குக் காசு இல்ல."

அன்னக்கொடி முந்தானையை வாயில் பொத்திச் சிரித்தாள்.

மதியத்துக்கு முன்னாலேயே பலகையில் கடைசி எண்ணும் அழிந்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல், எஸ்.சி. பிரிவில் மருத்துவ இடங்கள் நிரம்பிவிட்டன, காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு இப்போதைக்கு இடமில்லை என்றது. சொன்ன அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

சின்னக்கருப்பன் எழுந்துவிட்டார். துண்டைத் தோளில் போட்டார்.

"எந்திரி தாயி."

"அப்பா, இருங்கப்பா. எல்லாரும் உக்காந்துதான இருக்காக."

"முடிஞ்சு போச்சுன்னு மைக்குலயே சொல்லிட்டாக. அதுக்கு மேலயும் உக்காந்திருந்தா நம்மள என்னன்னு நெனைப்பாக?"

"இப்போதைக்குன்னுதானப்பா சொன்னாக."

"வெள்ளைத்துரை மேஸ்திரியும் அப்பிடித்தான் சொல்லுவான். மூஞ்சில அடிச்சாப்பல இல்லைங்கக் கூடாதுல்ல, அதுக்காகச் சொல்றது. எந்திரி."

பாண்டிமீனா மேடையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். யாரிடமாவது கேட்கலாம். மேடைக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை. அப்பா அதற்குள் நாலு நாற்காலி தாண்டிப் போயிருந்தார். செல்லக்கிளி அவள் கையைப் பிடித்து, "அக்கா, இருங்கக்கா" என்றாள். "அப்பா போயிட்டாரு பாரு" என்று சொல்லி, ஹரிராம் வீட்டு நம்பரை அவளுக்கு அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

வாசலில் சின்னக்கருப்பன் மகளுக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கவில்லை. "அரை மார்க்கு. அம்புட்டுத்தான. நீ என்ன பண்ணுவ" என்றார். இரவுப் பேருந்தில் மகள் தூங்கும்வரை விழித்திருந்து, தூங்கிய பிறகு அவள் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் துண்டைச் சுருட்டி வைத்தார்.

ஊருக்கு வந்து நாலு இடத்தில் விசாரித்தார்கள். டாக்டர் சீட்டை நம்பி வேறு கல்லூரி எதற்கும் விண்ணப்பம் போடாமல் விட்டிருந்தாள். மதுரைக் கல்லூரிகளில் பி.எஸ்.சி.க்கு ஆள் எடுத்து வகுப்பே தொடங்கியிருந்தது. "ஒரு வருசம் வீட்டுல இருந்து திரும்பவும் எழுதட்டும்" என்று வசுந்தரா சொன்னாள். தங்கப்பொண்ணின் அண்ணன், "வயசுப்பிள்ளைய ஒரு வருசம் சும்மா வச்சிருக்கப் போறியா?" என்று கேட்டு, ஒரு மாப்பிள்ளையைப் பற்றியும் பேச்சை எடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு எரிகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

ஆடி பிறப்பதற்குள் ஹரிராம் வீட்டுக்குத் தளம் போட்டுவிட வேண்டும் என்று பேச்சு. ஆள் பற்றவில்லை. வெள்ளைத்துரை மேஸ்திரி, "ஒம் மகளையும் கூட்டியா, ஒருநாக் கூலிதான" என்றார். சின்னக்கருப்பன் பதில் சொல்வதற்குள், "நான் வாரேன்" என்று பாண்டிமீனா சொல்லிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அது தேவலை.

தளம் போடுகிற வேலை தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. இடையில் நின்றால் நின்ற இடத்தில் ஒட்டு விழுந்து, பின்னால் மழைக்கு ஒழுகும். கீழே கலவை மிசின் ஓயாமல் உருண்டது. மிசினிலிருந்து மாடிவரை சாய்வாகச் சாரம் கட்டி, அதில் படிக்கு ஒரு ஆளாக நின்று, சட்டியைக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். நிறைந்த சட்டி ஒரு பக்கம் ஏற, காலிச் சட்டி மறுபக்கம் விழுந்துகொண்டிருந்தது. மேலே சின்னக்கருப்பன் கலவையைக் கம்பிக்குள் குத்தி இறக்கினார். காற்று சிமெண்டை அள்ளி எல்லோர் கண்ணிலும் போட்டது. தங்கப்பொண்ணுக்கு அடுத்த படியில் பாண்டிமீனா நின்றாள். அதற்கடுத்து சோணை.

"மருமகளே, டாக்டரம்மா கையில சட்டி வாங்குற யோகம் இந்தச் சோணைக்குத்தான்."

"சும்மா இரு மாமா."

"ஊசி போடுற கை. கனம் தெரியாமத் தூக்கிப்புடாத, நாளப்பின்ன கை நடுங்குச்சுன்னா எவனும் வர மாட்டான்."

"ஏலே சோணை, வாய மூடிட்டுச் சட்டிய வாங்கு" என்றாள் தங்கப்பொண்ணு. ஆனால் பல நாளைக்குப் பிறகு மகள் முகத்தில் சிரிப்பு தெரிந்ததால் கோபமாகச் சொல்லவில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் கீழே ஸ்ரீவர்ஷினி வந்து நின்று, "மீனா, உனக்கு போன். எஸ்.டி.டி. கால், சீக்கிரம்" என்று கத்தினாள். சோணை அவள் இடத்தையும் சேர்த்து எட்டிப் பிடித்துக்கொண்டான். பாண்டிமீனா இறங்கிப் போய், சிமெண்ட் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ரிசீவரை இரண்டு விரலில் எடுத்தாள். வசுந்தரா அடுக்களையில் இருந்தாள். எதிர்முனைப் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்ததும், "சந்தோசம். நல்லாப் படி" என்று மட்டும் சொல்லி வைத்ததும் தெரிந்தது.

பாண்டிமீனா திரும்ப வந்து படியில் நின்றாள்.

"யாருத்தா?" என்று கேட்டுச் சட்டியை நீட்டினாள் தங்கப்பொண்ணு.

"செல்லக்கிளி." வாங்கி மேலே கொடுத்தாள்.

"மெட்ராஸ்ல பாத்த புள்ளையா? என்னவாம்?"

"அவளுக்குச் சீட்டுக் கெடைச்சிருச்சாம்."

அடுத்த சட்டி வந்தது. தங்கப்பொண்ணு அதை வாங்கினாள். கொடுக்கவில்லை.

"ஒனக்கு அடுத்த ஆளுதான அவ?"

"குடும்மா. கீழ நிக்குது பாரு."

கொடுத்தாள். மிசின் சத்தத்தில் பாண்டிமீனா ஒவ்வொரு சட்டிக்கும் நடுவே ஒரு வாக்கியமாகச் சொன்னாள். "ஒரு பையன் ஐ.ஐ.டி.யில சேந்துட்டேன், இந்தச் சீட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டானாம்." சட்டி. "சாயங்காலம் போலத்தான் தெரிஞ்சுதாம்." சட்டி. "எம் பேரத்தான் மொத வாசிச்சாகளாம். மூணு தடவ." சட்டி. "வாசல்வரைக்கும் ஆளு விட்டுப் பாத்தாகளாம்." சட்டி. "நான் வேற எங்கயோ சேந்துட்டேன் போலன்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கா. கேக்கத்தான் போன் பண்ணுனா. அழுகுறா."

தங்கப்பொண்ணு வாயைத் திறந்தாள். மேலே கம்பிக்கு நடுவே புருசனின் தலை தெரிந்தது. "ஏய், சட்டி என்ன நிக்குது?" என்று வெள்ளைத்துரை கத்தினார்.

"அவருகிட்டச் சொல்லாத" என்றாள் பாண்டிமீனா.

"எப்பிடிடி?"

"சொல்லாதம்மா."

சட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. தங்கப்பொண்ணின் கண்ணில் தண்ணீர் வழிந்து, கன்னத்துச் சிமெண்டில் கோடு விழுந்தது. எல்லோர் கண்ணிலும் அன்று தண்ணீர் வழிந்ததால் யாரும் கேட்கவில்லை.

தளம் முடிந்து கடைசி மூலையைச் சமப்படுத்தியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தளம் போட்ட அன்று வீட்டுக்காரர் ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். ஹரிராம் வீட்டில் கறி ஆக்குவதில்லை. கடையிலிருந்து பிரியாணி தருவித்து, வாசலில் இலை விரித்துத் தன் கையாலேயே பரிமாறினார்.

"மொதலாளி, நீங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பரிமாறுறதப் பாத்தா எங்களுக்குத் தொண்டையில எறங்கல" என்றான் சோணை.

"நீ சாப்பிடுப்பா. உனக்கு இறங்காதது எதுவுமே கிடையாது" என்றார் ஹரிராம். எல்லோரும் சிரித்தார்கள். சின்னக்கருப்பனும் சிரித்தார். மேலே நல்ல தளம் விழுந்திருந்தது. அந்தத் திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

ஹரிராம் அவர் இலைக்கு வந்ததும், "பாண்டிமீனா சேதிதான் மனசுக்குச் சங்கடமா இருக்கு" என்றார்.

"அரை மார்க்கு மொதலாளி. அரையே அரை மார்க்கு. எங்க ஊருல இதுக்கு முந்தி எவனும் அம்புட்டுக் கிட்டப் போனதில்ல. அதச் சொல்லித்தான் மனச ஆத்திக்கிறேன்."

"கடைசி வரைக்கும் இருந்தீங்கல்ல? எங்க அண்ணன் பையன் ராஜேஷ்குமாருக்கும் காலையில இல்லன்னுதான் சொன்னாங்க. எல்லாம் காலி பண்ணி லைட் அணைக்கிற நேரத்துலதான் கூப்பிட்டுக் கொடுத்தாங்க. அதுதான் அங்க வழக்கம். அது எல்லாருக்கும் தெரியும்னு…" ஹரிராம் கரண்டியோடு அப்படியே நின்றார். "உங்ககிட்ட நான் அதச் சொன்னேனா?"

சின்னக்கருப்பன் தலை நிமிர்ந்தார். அவர் ஏதோ சொல்ல வாய் எடுப்பதற்குள், வரிசையின் அந்தக் கோடியிலிருந்து பாண்டிமீனா உரக்கச் சொன்னாள்.

"இருந்தோம் சார். லைட் அணைக்கிற வரைக்கும் உக்காந்துதான் இருந்தோம். கூப்பிடல."

ஹரிராம், "அப்படியா. அதுக்கு மேல நம்ம கையில என்ன இருக்கு" என்று அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

சின்னக்கருப்பன் மகளைப் பார்த்தார். வெயில் உச்சிக்கு வருமுன்னே அந்தக் கூடத்தை விட்டு வந்தது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பொய் சொல்லுகிற பிள்ளையில்லை. காலையில் அவளுக்கு வந்த போன் ஞாபகம் வந்தது. தங்கப்பொண்ணைப் பார்த்தார். அவள் இலையைப் பார்த்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அவர் கையில் எடுத்த உருண்டையை இலையிலேயே வைத்தார். பிறகு, போடுகிறவர் மனம் நோகக் கூடாதே என்று எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் தின்றார்.

திரும்பிப் போகிற பேருந்தில் கூட்டம். திருமங்கலத்தில் பாதி இறங்கி, உட்கார இடம் கிடைத்தது. தங்கப்பொண்ணு முன்னால் பெண்களோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சின்னக்கருப்பன் பக்கத்தில் மகள். வெளியே காய்ந்த கரிசல் இருட்டிக்கொண்டு வந்தது.

ரொம்பத் தூரம் போன பிறகு கேட்டார்.

"அந்தத் தேனிப் பிள்ளைதான பேசுனது?"

"ஆமாப்பா."

"அதுக்குக் கெடைச்சிருச்சா?"

பாண்டிமீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கெடைச்சிருச்சுப்பா. மதுரையிலயே."

"ஒனக்கு மொதல்ல கூப்பிட்டாகளா?"

அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். கூட்டத்தில் தேங்கிய கண்டக்டர் அப்போதுதான் வந்தார். சின்னக்கருப்பன் மூன்று டிக்கெட் கேட்டு, சில்லறை வாங்கி, எண்ணாமல் பையில் போட்டார்.

"அந்தப் பிள்ளையோட ஆத்தா மட்டும் எப்பிடி உக்காந்திருந்துச்சு? அதுக்கு யாரும் சொல்லிக் குடுத்துருந்தாகளா?"

"யாரும் சொல்லலையாம்ப்பா. அதுவும் கெளம்பத்தான் பாத்துச்சாம். ராத்திரி முச்சூடும் பஸ்ஸுல காலத் தொங்கப்போட்டு வந்ததுல ரெண்டு காலும் வீங்கிருச்சாம். எந்திரிச்சு நிக்க முடியலையாம். வீக்கம் வடியட்டும், பெறகு போவோம்னு உக்காந்திருக்காக."

சின்னக்கருப்பன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். நாள் முழுக்கக் கலவையில் நின்ற கால்கள். விரலிடுக்கில் சிமெண்ட் வெள்ளையாகக் காய்ந்து வெடித்திருந்தது.

"நமக்குக் காலு நல்லா இருந்துச்சு" என்றார்.

பாண்டிமீனா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாகைப்பட்டி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.